குலுங்கிய மறுநாள் புகையும்

பிப்ரவரி 2, திங்கள்

பருத்திக் கம்பெனி ஒன்று புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. பக்கத்துக்கு ஒரு பொன்மொழி அச்சடித்திருக்கிறார்கள். அதற்குக் கீழே என் எழுத்து வந்தால் பொன்மொழி கூச்சப்படுமே என்று ஒரு மாதம் சும்மா வைத்திருந்தேன். ஆனால் பக்கத்து நாற்காலி லூர்து மேரியை சாத்தூருக்கு மாற்றிவிட்டார்கள். நகராட்சியில் இருபத்தாறு வருஷமாகப் பிறப்பு இறப்புப் பதிவு பார்க்கிறேன். பிறந்ததையும் இறந்ததையும் சர்க்கார் புத்தகத்தில் எழுதிவிடுவேன், நடுவில் ஊரில் நடப்பதை லூர்து மேரியிடம் சொல்லிவிடுவேன். இப்போது சொல்ல ஆளில்லை. வயிறு உப்புசமாக இருக்கிறது. டாக்டர் கேஸ் என்கிறார். எனக்குத் தெரியும், அது வெளியே போகாத வம்பு.

ஆகவே டைரியே, கேட்டுக்கொள். என் பெயர் தங்கபுஷ்பம், வயது ஐம்பத்து மூன்று, ஊர் ராஜபாளையம். ஒரே மகள் கோதை ஜாவாத் தீவில் இருக்கிறாள். மருமகன் ரமணன் அங்கே ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டர். கோதைக்கு இது ஏழாம் மாதம்.

பொங்கலன்று போனில் சின்னப் பேச்சு. சண்டை என்று சொல்ல மாட்டேன். தலைப்பிரசவத்தை அங்கேயே வைத்துக்கொள்கிறேன் என்றாள். ஊர் என்ன சொல்லும் என்றேன். "ஊருக்கா நான் பிள்ளை பெறுறேன்?" என்றாள். அப்போது என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. எண்பது சதவீதம் இருந்தது, ஆனாலும் தீர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவளுக்கு ரோஜாப்பூப் படம் அனுப்புகிறேன். அவள் கட்டைவிரலை அனுப்புகிறாள்.

பிப்ரவரி 5, வியாழன்

வீட்டுக்காரரைப் பற்றி எழுதவில்லையே. கோமதிநாயகம், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற முதல் வருஷம் தெருவில் எந்தக் கம்பம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று குறித்தார். இரண்டாம் வருஷம் என் சமையலை ஆய்வு செய்தார், பிழைத்துக்கொண்டார். மூன்றாம் வருஷம் பூமியைக் கையில் எடுத்திருக்கிறார்.

போனில் ஒரு ஆப் போட்டிருக்கிறார். உலகத்தில் எந்த மூலையில் நிலம் ஆடினாலும் அது 'கீய்ய்' என்று கத்தும். உடனே ஒரு நீள நோட்டில் பஞ்சாங்கப்படி கிழமை, நட்சத்திரம், நேரம் எல்லாம் எழுதிவிடுவார். எதிர்ப்பக்கத்தில் கோதை ஊருக்குப் பக்கத்திலுள்ள எரிமலை என்றைக்குப் புகைந்தது என்று எழுதுவார். அந்த மலைக்குக் காவல் ஆபீஸ் ஒன்று இருக்கிறதாம். அவர்களுடைய இணையப் பக்கத்திலிருந்து தேதியை எடுத்துக்கொள்கிறார். மலையின் பெயர் என் வாயில் நுழையவில்லை. எந்நேரமும் புகைந்துகொண்டு, எப்போது வெடிக்கும் என்று தெரியாமல் இருப்பதால் 'சம்பந்தியம்மா' என்று நான் பெயர் வைத்தேன். வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது.

"இந்தா பாரு புஷ்பம், எட்டயபுரத்துல லைன்ல மரம் விழுந்தா கோவில்பட்டியில ஃபியூஸ் போகுதா இல்லியா?"

"போகும்."

"பூமியும் ஒரே லைன்தான். அந்தக் கோடியில சிலியில ஆடினா இந்தக் கோடியில ஜாவாவுல புகையும். குலுங்கின மறுநாள் புகையும். ஒம்பது தடவ பாத்துட்டேன். ஒம்பதும் சரி."

"இங்க நான் கத்தினா எங்கங்க வெடிக்கும்?"

"அது எனக்கு மட்டும்தான் வெடிக்கும்."

பிப்ரவரி 9, திங்கள்

ரோஜாப்பூ அனுப்பினேன். கட்டைவிரல்கூட வரவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று நோட்டின் மூன்று பக்கங்களைப் போட்டோ எடுத்துக் கோதைக்கு அனுப்பினேன். எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். மகள் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று, அவ்வளவுதான். கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'அப்பாவுக்கு இந்தக் கவலையில் தூக்கமே இல்லை.' அவர் விடுகிற குறட்டையில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. அதை மட்டும் எந்த ஆப்பும் பதிவு செய்யவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

கோதை கூப்பிட்டாள்! பொங்கலுக்குப் பிறகு முதல் தடவை.

"அம்மா, அப்பா எழுதியிருக்கிறது நிஜமா?"

"ஒம்பது தடவ பாத்திருக்காராம். நீ அவர் மகள்தானே, நீயே சொல்லு, அவர் பொய் சொல்ற ஆளா?"

"இங்க யாரும் பயப்படலம்மா. மலை மில்லுல இருந்து முப்பது கிலோமீட்டர். நம்ம வீட்டுக்கும் சங்கரன்கோவிலுக்கும் உள்ள தூரம்."

"சங்கரன்கோவில்ல மழை பெஞ்சா இங்க கொடியில துணி நனையுது."

நான் பேசியதில் தப்பு ஒன்றும் இல்லை. மழையைப் பற்றித்தானே சொன்னேன்.

அரை மணி கழித்து அவளே திரும்பக் கூப்பிட்டாள். "வர்றேம்மா. இருபத்தாறாம் தேதி வியாழக்கிழமை டிக்கெட் போட்டாச்சு. சிங்கப்பூர் வழியா மதுரை. அன்னிக்கு முப்பத்தோரு வாரம். முப்பத்திரண்டு தாண்டினா அந்த ஃப்ளைட்டுல ஏத்த மாட்டாங்க." கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நாள் தள்ளத் தள்ள எனக்கும் பயமா இருக்கும்மா. நேத்து லேசா வீடு ஆடுச்சு" என்றாள்.

வைத்துவிட்டாள். நான் சிரித்துக்கொண்டே போய் உளுந்து ஊறப்போட்டேன். நாளைக்கு யாரும் தோசை கேட்கவில்லை. எதற்கு ஊறப்போட்டேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

கவுன்டரில் இன்று ஒரு அப்பா. வாரா வாரம் இப்படி ஒருவர் வருவார்.

"மேடம், பையன் சனிக்கிழமை பின்னிரவு மூணு மணிக்குப் பிறந்தான். நீங்க ஞாயித்துக்கிழமைத் தேதி போட்டிருக்கீங்க."

"சரியாத்தான் சார் போட்டிருக்கேன்."

"ஜாதகத்துல சனிக்கிழமைன்னு இருக்கே!"

"ஜாதகத்துக்கு விடிஞ்சாத்தான் அடுத்த நாள். சர்க்காருக்குப் பன்னெண்டு அடிச்சா அடுத்த நாள்."

"அப்ப என் மகனுக்கு ரெண்டு பிறந்தநாளா?"

"ரெண்டு கேக் வெட்டுங்க. ஒண்ணை இங்க குடுத்துருங்க."

அவர் சிரிக்கவில்லை. லூர்து மேரி இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

பிப்ரவரி 18, புதன்

கோதை அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. வீட்டுக்காரர் அங்கே ஏழு பிளக் பாயின்ட் வைத்திருக்கிறார். "பிள்ளை பெற வர்றவளுக்கு ஏழு எதுக்குங்க, அவ என்ன மில்லா ஓட்டப் போறா?" என்று கேட்டேன். "தேவைப்படும்" என்றார். அவருக்குப் பாசத்தைக் காட்ட வேறு வழி தெரியாது.

பிப்ரவரி 20, வெள்ளி

நிஜச் சம்பந்தியம்மா கூப்பிட்டார். கோவில்பட்டி சொர்ணத்தம்மாள். கணவர் இல்லை, ரமணன் ஒரே பிள்ளை. கல்யாணத்தில் சாம்பாரில் முருங்கைக்காய் முற்றல் என்று மூன்று பந்திக்கும் போய்ச் சொன்னவர்.

"மருமக வந்துட்டா எம் மகனுக்கு யாரு சோறாக்கிப் போடுவா?"

"மில்லுல கேன்டீன் இருக்காம் மதினி."

"கேன்டீன் சோறு தின்னா அவனுக்கு வாயு."

நான் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து இவர் கத்துகிறார்: "ஏ புஷ்பம், சம்பந்தியம்மா காலையில இருந்து புகைஞ்சுக்கிட்டு இருக்கா!"

போனின் வாயைக் கையால் பொத்தினேன், லேட்டாகத்தான்.

"ஊதுபத்தியச் சொல்றார் மதினி," என்றேன். எந்த ஊதுபத்திக்கு அப்படிப் பேர் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் கேட்காமலும் விடவில்லை. போனை வைத்த விதம் அப்படி.

பிப்ரவரி 23, திங்கள்

வளையல் வாங்கினேன். கண்ணாடி, பச்சையும் சிவப்பும். கடைக்காரர் எத்தனை டஜன் என்றார். கை நிறைய என்றேன்.

பிப்ரவரி 25, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதிவிட வேண்டும். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். பொன்மொழி மன்னிக்கட்டும்.

பகல் பன்னிரண்டரைக்கு இவர் ஆபீசுக்குள் ஓடி வந்தார். சட்டைப் பித்தான் ஒன்று மாறி மாட்டியிருக்கிறது. கக்கத்தில் நோட்டு.

"ஆடிருச்சு! சிலிப் பக்கம். ரிக்டர்ல ஏழு. நான் எழுத ஆரம்பிச்சதுல இருந்து இதுதான் பெருசு."

"அதுக்கு?"

"இன்னிக்குப் புதன். குலுங்கின மறுநாள் என்ன? வியாழன். அவ ஏறுற ஃப்ளைட்டு! சாம்பல் மேல வந்தா இன்ஜின் நின்னுரும் புஷ்பம். கோதைகிட்டச் சொல்லிட்டேன். டிக்கெட்டை மாத்தச் சொல்லிட்டேன்."

கோதைக்குப் போன் போட்டேன். அழுதுகொண்டிருந்தாள். "அடுத்த வாரம் ஏழாம் தேதிதான் சீட் இருக்காம்மா. அன்னிக்கு முப்பத்திரண்டு தாண்டிரும். அப்ப நான் வரவே முடியாது. ஆனா அப்பா சொல்றதக் கேட்டா நாளைக்கு ஏறவே பயமா இருக்கு. உங்க நேரம் மூணு மணி வரைக்கும்தான் மாத்த முடியும்னு ஏஜென்ட் சொல்றார்."

மூன்று பக்கம் போட்டோ எடுத்து அனுப்பியது யார்? அப்பாவுக்குத் தூக்கமில்லை என்று எழுதியது யார்? டைரியே, பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதே.

மணி பன்னிரண்டே முக்கால். இவர் பொதுமக்கள் உட்காருகிற பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நோட்டு என் கவுன்டர் மேல் கிடந்தது. வேறு எதுவும் தோன்றாமல் அதைத் திறந்தேன். கவுன்டரில் ஒரு காகிதம் வந்தால் என் கண் முதலில் தேதியைப் பார்க்கும், இருபத்தாறு வருஷப் பழக்கம். முதல் பதிவிலேயே கண் நின்றுவிட்டது.

"மிஸ்டர் கோமதிநாயகம், இங்க வாங்க."

வந்தார். கவுன்டருக்கு அந்தப் பக்கம், விண்ணப்பதாரர் மாதிரி நின்றார்.

"'திங்கள் பின்னிரவு 2.40, நிலம் ஆடியது.' இது என்ன கிழமை?"

"திங்கள். போட்டிருக்கேன்ல."

"இங்க வர்ற அப்பன்மாரெல்லாம் இதத்தான் சொல்றாங்க. சர்க்காருக்கு என்ன கிழமை?"

யோசித்தார். "செவ்வாய்."

"மலை என்னிக்குப் புகைஞ்சுச்சு?"

"செவ்வாய்."

"அது யார் செவ்வாய்? பஞ்சாங்கச் செவ்வாயா, சர்க்கார் செவ்வாயா?"

"அது இணையத்துல போட்டிருந்த தேதி. இங்கிலீஷ் தேதிதான்."

"மணி?"

மணி எழுதவில்லை. அந்தக் காவல் ஆபீஸ் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அங்கே காலை 2.25 என்று இருந்தது. அவர்கள் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி முந்தி ஓடும். கழித்தால் நமக்கு நள்ளிரவு தாண்டி 12.55.

"இப்பச் சொல்லுங்க. எது முதல்ல?"

அவர் விரல் நோட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. "மலை... மலைதான் முதல்ல புகைஞ்சிருக்கு. ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் சிலி ஆடியிருக்கு."

"பிள்ளை பிறந்தப்புறம் அம்மாவுக்கு வலி வந்ததா எழுதி வச்சிருக்கீங்க! என் கவுன்டர்ல இந்த ஃபாரத்த வாங்கவே மாட்டேன்."

ஒன்பதையும் பார்த்தோம். ஐந்து பின்னிரவுப் பதிவுகள். அதில் நான்கில் மலைதான் முதலில்.

"மிச்சத்துக்கு என்ன சொல்ற?" என்றார். கடைசி வரை விடமாட்டார்.

"உங்க போன் ஒரு நாளைக்கு எத்தனை தடவ கத்துது?"

"ரிக்டர்ல அஞ்சுக்கு மேலன்னு வச்சா மூணு, நாலு தடவ."

"எல்லாத்தையும் எழுதினீங்களா?"

"இல்ல. மலை புகைஞ்சப்புறம், அதுக்கு முந்தின நாள் எது ஆடுச்சோ அத..."

சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. தினமும் நாலு இடம் ஆடுகிற பூமியில் எந்த நாளுக்கும் முந்தின நாள் உண்டு. பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பித்தான்களைக் கழற்றிச் சரியாக மாட்டினார். பிறகு நிமிர்ந்து, "புஷ்பம், நான் தப்பாப் போட்டதுல இவ்வளவு சந்தோஷம் எனக்கு எப்பவும் வந்ததில்ல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஆபீஸ் ஃபேனுக்குக் கிரீஸ் போட வேண்டும் என்று ஒரு குறையும் சொன்னார்.

மணி இரண்டே கால். போனை எடுத்துக்கொண்டு ரெக்கார்டு அறைக்குள் போனேன்.

"கோதை, டிக்கெட்டை மாத்தாத. நாளைக்குக் கிளம்பு. நோட்டு தப்பு." பஞ்சாங்கம், சர்க்கார், ஒன்றரை மணி எல்லாம் சொன்னேன். அவள் கெட்டிக்காரி, பாதியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நானும் இங்க ஒரு ஜியாலஜி மேடத்துகிட்டக் கேட்டேம்மா. ரொம்பப் பக்கத்துல, ரொம்பப் பெருசா ஆடினா, ஏற்கெனவே கிளம்பத் தயாரா நிக்கிற மலை சில சமயம் கிளம்பலாமாம். அதுவே இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்காம். பூமியோட அந்தப் பக்கம் ஆடினதுக்கு மறுநாள் இது புகையும்னு தேதி குறிக்க முடியாதுன்னாங்க. ஆனா நீயும் அப்பாவும் சேந்து சொன்னதும்..."

"நாளைக்கு அது புகையாதுன்னு நான் சொல்லல. அது நெனச்சாப் புகையும். யாராலயும் சொல்ல முடியாது. ஆனா இந்தக் கணக்கு அதச் சொல்லல."

"உனக்கு இதுல அப்பவே நம்பிக்கை இல்லையா?"

"இல்ல."

"அப்ப எதுக்கும்மா என்னப் பயங்காட்டி வரச் சொன்ன?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். சுற்றிலும் இறப்புப் பதிவேடுகள்தான், யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். சொன்னேன். நாலே வார்த்தை. அதை இங்கே எழுத முடியாது, எனக்கு இந்தப் பழக்கமில்லை.

கோதை மூக்கை உறிஞ்சினாள்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா பொங்கலன்னிக்கே டிக்கெட் போட்டிருப்பேன்ல?" என்றாள்.

பிப்ரவரி 26, வியாழன்

காலை 8. மலை சும்மா இருக்கிறது.

11. சும்மா இருக்கிறது. கவுன்டரில் ஒரு குழந்தைக்கு அப்பா பெயர் இடத்தில் என் வீட்டுக்காரர் பெயரை எழுதப் போனேன். நல்லவேளை, அந்த அம்மா படித்தவர்.

2. கிளம்பிவிட்டாள். ரமணன் விமான நிலைய வாசல் வரை வந்து படம் அனுப்பியிருக்கிறார். வயிறு பெரிதாக இருக்கிறது. முகம் என் முகம் மாதிரி இருக்கிறது, பாவம்.

4.10. ஏறிவிட்டாள்.

4.40. இவர் போனில் அந்த ஆப் கத்தியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். ஒருவரும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

வந்துவிட்டாள்.

மதுரையில் கண்ணாடிக் கதவு திறந்தது, தள்ளுவண்டிக்கு முன்னால் முதலில் வயிறு வந்தது, பிறகு அவள் வந்தாள். நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல யோசித்து வைத்திருந்தேன், மறந்துவிட்டது. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. காரில் என் தோளில் சாய்ந்தவள் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டித்தான் எழுந்தாள். கை மரத்துவிட்டது, நான் எடுக்கவில்லை.

வீட்டில் ஏழு பிளக் பாயின்டையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்பா, ஒண்ணு குறையுதே" என்றாள். அவருக்கு வாயெல்லாம் பல். இன்று நான்கு பேர் சாப்பிடுகிற அளவு சமைத்தேன். மூன்று பேர் சாப்பிட்டுத் தீர்த்தோம்.

மார்ச் 3, செவ்வாய்

நேற்றுச் சாயங்காலம் மலை நிஜமாகவே கொஞ்சம் கக்கியிருக்கிறது. ஒரு மணி நேரம் சாம்பல். பெரிதாக ஒன்றுமில்லை, மில் ஓடுகிறது, நான் நன்றாக இருக்கிறேன் என்று ரமணன் கோதையிடம் பேசினார். அப்புறம் அங்கே போன் லைன் விட்டுவிட்டு வந்தது.

ஏழு மணிக்குச் சொர்ணத்தம்மாள் கூப்பிட்டார். குரலே அவர் குரல் இல்லை.

"மதினி, டிவியில காட்டுறான். எம் பிள்ளை போன் போகல. உங்க மக வந்துட்டா. நல்லது, நல்லா இருக்கட்டும். ஆனா எம் மகன் அங்கதானே இருக்கான்? அண்ணன் ஏதோ நோட்டுல எழுதுவாராமே, நாளைக்கு என்ன ஆகும்னு அதுல போட்டிருக்கா?"

கோதை வருவாளா என்று இத்தனை நாள் மலையைப் பார்த்த எனக்கு, அதன் அடியில் இன்னொருத்தி பிள்ளை நிற்பது கண்ணில் படவில்லை. முருங்கைக்காய் முற்றலைப் பற்றி லூர்து மேரியிடம் ஒரு வருஷம் பேசினேன். சர்க்கார், பஞ்சாங்கம், நாலு இடம் என்று அந்தக் குரலுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நோட்டு ஒண்ணும் சொல்லாது மதினி. மாப்பிள்ளை நல்லா இருக்கார், கோதைகிட்டப் பேசினார். நீங்க ஏன் தனியா உக்காந்து டிவியப் பாக்கீங்க? கிளம்பி வாங்க. இவரை வண்டி எடுத்துட்டு வரச் சொல்றேன்."

இவர் கேள்வி கேட்காமல் சாவியை எடுத்தார். ஒன்பதரைக்குப் பையும் கையுமாக வந்து இறங்கினார்கள். அந்த அம்மா கோதையைப் பார்த்ததும் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார், பிறகுதான் உட்கார்ந்தார். அடை சுட்டேன். இரண்டு சாப்பிட்டார். உப்பு கொஞ்சம் கூட என்றார். அப்பாடா என்றிருந்தது.

இன்று காலை எட்டு மணிக்குக் கோதை போன் அடித்தது. நாலு தலையும் அதன் மேல் குவிந்தன. ரமணன் படம் அனுப்பியிருந்தார். மில் வாசலில் அவருடைய கார், மேலே முழுக்கச் சாம்பல், மாவு சலித்துக் கொட்டின மாதிரி. முன் மூடியில் விரலால் பெரிதாக எழுதியிருந்தார்: 'நலம்'. பக்கத்தில் கையில் டிபன் டப்பாவோடு நின்று சிரிக்கிறார்.

சொர்ணத்தம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அத்தனை பெருசா எழுதுற நேரத்துல காரைக் கழுவியிருக்கலாம்ல இவன்?" என்றார்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் இவர் போனில் அந்த ஆப் கத்தியிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது.